ஆறு மணி நேரம் தாண்டிய 'கேஸ்' வலி

டீ வருவதற்குள் வலது கையை எடுத்து வயிற்றில் வையுங்கள். விலா எலும்புகள் முடிகிற விளிம்பு தட்டுப்படும். தொப்புளுக்கு நேர் மேலே வேண்டாம், வலது பக்கமாகத் தள்ளி, அந்த விளிம்புக்கு அடியில் விரல்களை உள்ளே கொடுத்து அழுத்துங்கள். இப்போது மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். ஒன்றும் செய்யவில்லை அல்லவா? பித்தப்பை வீங்கிப் புண்பட்டிருக்கிற ஆளாக இருந்தால் பாதி மூச்சிலேயே "அம்மா" என்று நின்றுபோயிருப்பார். மூச்சு இழுக்கும்போது கல்லீரல் கீழே இறங்கும். அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையும் கூடவே இறங்கி வந்து விரலில் இடிக்கும். சிகாகோவில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் மர்ஃபி 1900-களின் தொடக்கத்தில் இந்தச் சோதனையைச் சொல்லிவைத்தார். நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்த பிறகும் வலது மேல்வயிற்று வலி என்று வருகிறவரிடம் மருத்துவர் முதலில் செய்து பார்ப்பதில் மர்ஃபியின் இந்தக் கைச்சோதனையும் ஒன்று.

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலத்தில் ஏற்காட்டு மலையின் அடிவாரத்து ஊர். காபித் தோட்டத்து மலையடியில் உட்கார்ந்துகொண்டு டீ குடிக்கிறவர்கள் நாங்கள்; அதில் நஷ்டம் உண்டா என்பதைப் பின்னால் சொல்கிறேன். டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன் ஒருவர், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர், கேட்டார்: "தம்பி, நீங்கதான் இதெல்லாம் எழுதறீங்களே. வீட்ல அக்காவுக்கு ராத்திரியானா நெஞ்சுக்குழியில புடிச்சுக்குதுங்க. சோடா குடிச்சு ரெண்டு ஏப்பம் விட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. கேஸ்தானுங்களே?"

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் எழுதுகிறவன். அதனால் அக்காவை நாளைக்கே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லிவிட்டு, மீதியை அடுத்த டீயில் விளக்கினேன்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், கடும் கசப்பு. வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் கடைசியில் வருமே, அது. சாப்பாடு இல்லாத நேரத்தில் இந்த நீரின் ஒரு பகுதி ஒதுங்கி நிற்கும் இடம்தான் பித்தப்பை. ஏழிலிருந்து பத்து சென்டிமீட்டர் நீளம், முப்பது முதல் ஐம்பது மில்லி கொள்ளளவு. சும்மா சேர்த்து வைப்பதோடு நிற்காது. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பித்தநீரைப் பல மடங்கு கெட்டியாக்கும். நெய், எண்ணெய், கறிக்கொழுப்பு எது குடலின் முதல் பகுதிக்குள் இறங்கினாலும், குடலின் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பிப் போய்ப் பையைச் சுருங்கச் சொல்லும். பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சும். கொழுப்பு கரையும். இவ்வளவுதான் வேலை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தக் கெட்டியான நீரில் கொலஸ்டிராலும் இருக்கிறது, அதைக் கரைத்து வைத்திருக்கும் உப்புகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் தவறினால், முற்றிய வெல்லப்பாகு ஆறும்போது அடியில் குருணை தட்டுகிற மாதிரி, கொலஸ்டிரால் படிகம் படிகமாகப் பிரியும். பை சரியாகச் சுருங்கிக் காலியாகாவிட்டால் அந்தக் குருணை அங்கேயே உருண்டு கல்லாகும். கர்ப்ப காலத்தில் பை மந்தமாக இருக்கும். அதனால்தான் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது அதிகம். பட்டினி கிடந்து கிடுகிடுவென்று எடையைக் குறைப்பவர்களுக்கும் இதே கதை. ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைகிற நோய்க்காரர்களுக்கு, அந்தச் சிதைவிலிருந்து வரும் நிறமி சேர்ந்து கரிய கற்கள் உண்டாகும், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட.

பித்தக்கல்லை நம் வீடுகளுக்கு அறிமுகம் செய்யவேண்டிய அவசியம் இல்லை. பிறந்த குழந்தைக்கு உரசி ஊட்டுகிற கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் விளைந்த கல்தான். அது நமக்குள்ளும் விளையும் என்பதுதான் பலருக்குச் செய்தி.

முன்பு தென்னிந்தியர்களுக்கு இது அவ்வளவாக வராது என்று ஒரு பேச்சு இருந்தது. ஆதாரமில்லாத பேச்சும் அல்ல. மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர் இந்திய ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். பித்தக்கல் நோய் தெற்கத்தியரைவிட வடக்கத்தியரிடம் ஏழு மடங்கு அதிகம் என்பது அதன் கணக்கு. அன்றைய தெற்கத்தி ஊழியர் சாப்பிட்டதையும் இன்றைக்கு சேலத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தட்டில் விழுவதையும் ஒப்பிட்டால், அந்த ஏழு மடங்கை நம்பி யாரும் தைரியமாக இருக்க வேண்டாம் என்பேன்.

அக்காவின் வலிக்கு வருவோம். பை சுருங்கும்போது ஒரு கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. பை விடாமல் முக்குகிறது. அதுதான் வலி. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்கு அடியிலோ ஆரம்பித்து, கால் மணி அரை மணியில் உச்சத்துக்கு ஏறி, அப்படியே நிற்கும். விட்டு விட்டு வருகிற வயிற்றுக் கடுப்பு மாதிரி இருக்காது. பிடித்த பிடி விடாது. முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியிலோ, இரண்டு எலும்புகளுக்கு நடுவிலோ குத்தும். சிலருக்கு வலது தோளே வலிக்கும். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், அங்கே உறுத்தினால் தோளில் உறுத்துவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. தோளுக்கு ஆயின்மெண்ட் தேய்த்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. பெரும்பாலும் கொழுப்பான சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் கழித்து வரும், அதிலும் ராத்திரியில். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு கறி விருந்து நடக்குமே, அந்த ராத்திரிகளில் நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் அஜீரணம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

அரை மணியிலிருந்து நாலைந்து மணி நேரத்துக்குள் கல் நழுவிப் பின்னால் விழுந்துவிடும். வலி சுவிட்சை அணைத்தது போல நிற்கும். சோடா குடித்த நேரமும் கல் நழுவிய நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பெயர் சோடாவுக்குப் போகிறது. சிலர் வீட்டில் அது ஓமவாட்டர், சிலர் வீட்டில் இஞ்சிச் சாறு, மெடிக்கலில் கேட்டு வாங்கின பான் ஃபார்ட்டி மாத்திரை. எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நின்றிருக்கக்கூடிய வலி அது. 'கேஸ்' என்று ஒரே சொல்லில் நாம் அடைத்துவிடுகிற பட்டியலில் பித்தப்பைக்குத்தான் நல்ல மறைவிடம் கிடைத்திருக்கிறது.

"அப்ப வீக்கம்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுங்க?" என்றார் அண்ணன்.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கல் நழுவாமல் சிக்கியபடியே நின்றுவிட்டால், உள்ளே தேங்கின பித்தநீர் பையின் சுவரை அரிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, சுவர் வீங்குகிறது, வீங்கின சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, பிறகு கிருமிகளும் வந்து சேருகின்றன. இதுதான் பித்தப்பை அழற்சி. திடீரென்று வரும் அழற்சியில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கல்லால் வருவதுதான். இங்கே வலி ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டியும் போகாது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்த வலி விடிகாலை நாலு மணிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் 'கேஸ்' என்ற சொல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். வலி நெஞ்சுக்குழியிலிருந்து நகர்ந்து வலது பக்கம் குடியேறும். தொட்டால் வலிக்கும், இருமினால் வலிக்கும், ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் உயிர் போகும். காய்ச்சல் எட்டிப் பார்க்கும், சில சமயம் குளிரோடு. வாந்தி வரும், வாந்தி எடுத்தபின் சுகமாக இருக்காது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும்.

படுத்திருக்கும் விதமே பாதி சொல்லிவிடும். சிறுநீரகக் கல் வலிக்காரர் ஒரு இடத்தில் இருக்கமாட்டார். எழுந்திருப்பார், உட்காருவார், தரையில் உருளுவார். பித்தப்பை வீங்கினவர் அசைந்தால் வலிக்கும் என்று சுருண்டு அப்படியே கிடப்பார்.

மருத்துவர்கள் உலகளவில் கைக்கொள்ளும் டோக்கியோ நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. 2007-இல் முதலில் வந்து, 2018-இல் திருத்தப்பட்டது. அது கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: வலது மேல்வயிற்றில் வலியோ, தொட்டால் வலியோ, கட்டியோ, மர்ஃபி சொன்ன அடையாளமோ இருக்கிறதா, காய்ச்சலோ, ரத்தத்தில் வெள்ளணுக்களோ, சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீட்டின் அளவோ ஏறியிருக்கிறதா, ஸ்கேனில் பையின் சுவர் தடித்திருக்கிறதா. மூன்றும் பொருந்தினால் பெயர் உறுதி. முதல் கேள்விக்கான விடை நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கிறது, இரண்டாவதில் பாதி தெர்மாமீட்டரில்.

ஒருசிலருக்கு மட்டும் இந்தப் பாடம் ஒத்துவராது, அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வயதானவர்கள், பல வருஷச் சர்க்கரைக்காரர்கள். நரம்பு மழுங்கிய உடம்பில் வலி அடக்கமாக இருக்கும், காய்ச்சல் வராமலே போகலாம். "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ஒரு மாதிரி இருக்கார், சர்க்கரை ஏறிக் கிடக்குது" என்ற அளவுக்குத்தான் வெளியே தெரியும். உள்ளே பை அழுகிக்கொண்டிருக்கும். இன்னொன்று: அழுகிய சுவரில் நரம்பும் செத்துவிடுவதால், கடுமையாக வலித்துக்கொண்டிருந்தது திடீரென்று குறைந்தது போல இருக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பை ஓட்டையானால் உள்ளே இருப்பது சில மணி நேரத்தில் வயிறு முழுக்கப் பரவி, வயிறு பலகை போல இறுகும். காய்ச்சலும் சோர்வும் இருக்கும்போது வலி மட்டும் குறைவது நல்ல செய்தி அல்ல.

மஞ்சள் காமாலை சேர்ந்தால் கணக்கே வேறு. கல் பையை விட்டு வெளியேறி, கல்லீரலிலிருந்து குடலுக்கு வரும் பொதுக் குழாயில் போய் நின்றிருக்கலாம் என்று அர்த்தம். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போகும், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு கலந்த மண் மாதிரி இருக்கும், உடம்பு அரிக்கும். இதோடு நடுங்கவைக்கும் குளிர்காய்ச்சலும் வலியும் கூடினால் குழாய்க்குள் சீழ் பிடித்திருக்கலாம். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1877-லேயே இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி எச்சரித்துவிட்டுப் போனார். நம்மூரில் மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் கீழாநெல்லி தேடுகிற பழக்கம் இருக்கிறது. வைரஸால் வருகிற காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் அந்தப் பழக்கத்துக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் கல்லைக் கீழாநெல்லி தள்ளாது. குளிர்காய்ச்சலோடு வரும் காமாலையில் ஒரு ராத்திரி தாமதம்கூட உயிர்ப் பிரச்சினை. அதே கல் கணையத்தின் வாயை அடைத்தால் கணையம் வீங்கும். வலி நெஞ்சுக்குழியிலிருந்து நேராக முதுகுக்கு ஊடுருவும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும்.

2021 மார்ச் கடைசியில் மகாராஷ்டிர அரசியல்வாதி சரத் பவாருக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். எண்பது வயது. வயிற்றுவலி என்று மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனைக்குப் போனார், பித்தப்பையில் பிரச்சினை என்று தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்தினார்கள். பித்தக்குழாயில் சிக்கிய கல்லை முதலில் வாய்வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அவசரமாக எடுத்தார்கள். இரண்டு வாரம் போல் கழித்து, ஏப்ரல் 12-ஆம் தேதி, பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். அடைப்பு முதலில், பை பிறகு. வயதானவருக்கு எப்படிப் படிப்படியாகப் போகிறார்கள் என்பதற்கு நல்ல உதாரணம். மறுபக்கம் நியூயார்க் ஓவியர் ஆண்டி வார்ஹால். கல் இருப்பது பல வருஷங்களாகத் தெரியும். ஆஸ்பத்திரி என்றாலே பயம், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். 1987 பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் படுத்தபோது பை அழுகிப்போயிருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் விடிகாலை இறந்துபோனார், 58 வயதில்.

இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. "அப்ப கல்லுன்னு சொன்னாலே அறுத்துப் போட்டுடணுங்களா?"

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் என்று பெரிய ஊர்களில் விற்கிறார்களே, அதில் வயிற்று ஸ்கேனும் சேர்த்தி. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் வயிற்றில் கல் தெரிகிறது. கல் உள்ளவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு அது வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிடும். வலியே கொடுக்காத கல்லுக்காகப் பையை எடுப்பதைப் பொதுவாக எந்த நெறிமுறையும் வற்புறுத்துவதில்லை. பையின் சுவரே சுண்ணாம்பாக இறுகிப்போனது, கல் மிகப் பெரியது, ரத்தம் சிதையும் நோய் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை தவிர மற்றவர்கள் பயந்து மேசையில் ஏற வேண்டியதில்லை. ஒரு முறை வலித்துவிட்டால் மட்டும் கதை மாறும். அது திரும்ப வரும், வரும்போது அழற்சியாகவோ காமாலையாகவோ வரலாம். அக்காவின் நிலை அதுதான்.

'கல்' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டவுடன் வாழைத்தண்டுச் சாறு குடிக்க ஆரம்பிப்பவர்கள் ஏராளம். சிறுநீரகக் கல்லும் பித்தக்கல்லும் வேறு வேறு தெருக்காரர்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தப்பைக்குள் தண்ணீர் பாய்ந்து கல்லை அடித்துப் போகாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் பச்சைப் பச்சையாக மலத்தில் விழும் என்று போனில் வீடியோ சுற்றுகிறது. விழுவது உண்மைதான், ஆனால் கல் அல்ல. நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அப்படி விழுந்ததை எடுத்துக்கொண்டு மருத்துவர்களிடம் போக, பரிசோதித்துப் பார்த்ததை 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. குடித்த எண்ணெயும் சாறும் குடலுக்குள் கலந்து உண்டான சோப்பு உருண்டைகள் அவை. இங்கிலீஷ் மருந்திலும் கரைக்கிற மாத்திரை ஒன்று உண்டு. சின்ன கொலஸ்டிரால் கல்லுக்கு மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் திரும்ப வந்துவிடும்.

பின்னால் சொல்வதாகச் சொன்ன காபிக் கதை இதுதான். அமெரிக்காவில் சுமார் 46 ஆயிரம் ஆண்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் இரண்டு மூன்று கப் காபி குடித்து வந்தவர்களுக்குப் பித்தக்கல் தொந்தரவு வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட நாற்பது சதவீதம் குறைவு. டீக்கு அப்படி ஒன்றும் காணவில்லை. ஏற்காட்டு அடிவாரத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டு டீக்கடையை மூடச் சொல்ல வேண்டாம். காபி பையைச் சுருங்க வைக்கும் என்பதால், ஏற்கெனவே கல் இருப்பவருக்கு அதுவே வலியைக் கிளப்பவும் கூடும்.

டீ விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. வயிற்று ஸ்கேனுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். "சோறுதான் சாப்பிடல, ஒரு டீ மட்டும் குடிச்சேன்" என்று போய் நிற்பவர்களை எந்த ஸ்கேன் சென்டரிலும் பார்க்கலாம். பாலில் கொழுப்பு இருக்கிறது, பை சுருங்கிவிடும், சுருங்கிய பையில் கல்லும் சரியாகத் தெரியாது, சுவர் தடித்திருக்கிறதா என்பதும் தெரியாது. தண்ணீர் குடிக்கலாமா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஸ்கேன் மருத்துவர் கருவியை அந்த விலா விளிம்பில் வைத்து அழுத்தியபடியே "இங்கதான் வலிக்குதா?" என்று கேட்பார். அதுவும் மர்ஃபியின் சோதனைதான். சுவர் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, சுற்றிலும் நீர் கோத்து, பையின் கழுத்தில் கல் நகராமல் நின்றால் சந்தேகமில்லை. அவசரம் என்றால் வெறும் வயிறெல்லாம் பார்க்கமாட்டார்கள்; டீ குடித்துவிட்டோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைக் காலை வரை தள்ளாதீர்கள்.

மேல்வயிற்று வலியெல்லாம் பித்தப்பையும் அல்ல. நாற்பது தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுக்குழியில் வலி, வியர்வை, மூச்சிரைப்பு என்றால் முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி.; இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு வயிற்றுவலியாகவே வேஷம் போடும். குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு வலது பக்க வலியும் காய்ச்சலும் வந்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கலாம். குடற்புண் ஓட்டையாவது, வலது நுரையீரலின் அடியில் நிமோனியா, எல்லாமே இந்த இடத்தில்தான் வந்து வலிக்கும். இதையெல்லாம் பிரித்துப் பார்க்கிற வேலை நம்முடையது அல்ல. சரியான நேரத்தில் போய்ச் சேர்வது நம்முடையது.

போனால் என்ன செய்வார்கள்? சேலத்துக்காரர்களுக்கு ஜி.எச். என்றாலே போதும், பலகையில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இருக்கும். படுக்கவைத்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல், குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கும் கிருமிக்கும் ஊசி போடுவார்கள். 'வலி மறைந்துவிட்டால் நோய் தெரியாமல் போய்விடும், அதனால் ஊசி போடக்கூடாது' என்று பழைய நம்பிக்கை ஒன்று வீடுகளில் இருக்கிறது, அது வேண்டாம். இப்போதைய வழக்கம், உடம்பு தாங்குமானால் அந்த அட்மிஷனிலேயே, வலி ஆரம்பித்த சில நாட்களுக்குள் பையை எடுத்துவிடுவது. முன்பு ஆறு வாரம் ஆறவிட்டு வரச் சொல்வார்கள். அந்த ஆறு வாரத்துக்குள் பலர் மறுபடி வலியோடு வந்து நின்றார்கள். ஆபரேஷன் தாங்காத அளவுக்கு மோசமானவர்களுக்கு வெளியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைப் பைக்குள் விட்டுச் சீழை வடிப்பார்கள்.

இந்த ஆபரேஷனுக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கென்பூக் முதன்முதலில் ஒரு பித்தப்பையை முழுசாகக் கழற்றினார். அதுவரை பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் திரும்ப வந்துகொண்டிருந்தது. கல் கிடக்கிறது என்பதற்காக அல்ல, கல்லை விளைவிக்கிறது என்பதற்காகவே பையை எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1985-இல் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹெ சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துக் காட்டினார். அவர் நாட்டு மருத்துவர்களே அவரை முதலில் நம்பவில்லை. இந்தியாவில் அதை முதலில் செய்தவர் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உட்வாடியா, 1990-இல். தமிழ்நாட்டில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமான ஒருவர் நம் பக்கத்துக்காரர்: நாமக்கல் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலேசியா போன குடும்பத்தோடு அங்கே கூலிவேலை பார்த்து, திரும்பி வந்து மருத்துவம் படித்து, கோவையில் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு.

"பையை எடுத்துட்டா அப்புறம் எப்படிங்க செரிக்கும்? பள்ளிபாளையம் சிக்கனெல்லாம் மறந்துட வேண்டியதுதானா?" அண்ணனுக்கு உண்மையான கவலை எதுவென்று தெரிந்துவிட்டது. கல்லீரல்தான் பித்தநீர் சுரக்கிறது, அது அங்கேயே இருக்கிறது. சேர்த்து வைக்கும் இடம் இல்லாததால் நீர் நேராகச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். முதல் சில வாரம் எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்துச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும். சிலருக்கு மட்டும் வயிற்றுப்போக்கு கொஞ்ச நாள் தொந்தரவு தரும். அதற்கும் மருந்து இருக்கிறது.

அக்காவைக் கூட்டிப்போகும்போது கையில் எடுத்துப்போகச் சொன்னவை: பழைய ஸ்கேன் இருந்தால் அது, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையும், முக்கியமாகச் சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் சாப்பிடுபவை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, வலி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு சீட்டில் குறித்தது. நடுராத்திரி வலி ஆறு மணி நேரம் தாண்டினாலோ, காய்ச்சலோ மஞ்சளோ சேர்ந்தாலோ விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். உறவுக்காரர்களுக்குக் காட்ட அது உதவும். அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள்: எடுத்த பையைப் பயாப்ஸிக்கு அனுப்பிய ரிப்போர்ட். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாக இருக்கும் இடங்கள் உண்டு. நம் பக்கம் அது குறைவு. குறைவு என்றாலும், கல்லுக்காக எடுத்த பையில் யாருக்கும் தெரியாமல் அது ஒளிந்திருப்பது அபூர்வமாக நடக்கிறது. ஆரம்ப நிலையில் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு வழி இருக்கிறது. தையல் பிரிக்கப் போகும் அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.